மாடுகள் அறிந்த சத்தம்

தொண்ணூற்றிரண்டாம் வருடத்து ஃபோர்டு பிக்கப்.
நிறம் என்னவென்று பதிவுச்சீட்டில் இருக்கிறது,
வண்டியில் இல்லை.
உள்ளிருந்து கதவு திறக்காது.
கண்ணாடியை இறக்கி, கையை வெளியே விட்டு,
கைப்பிடியைத் தடவிப் பிடித்து,
திருட வந்தவனைப்போல
என் வீட்டு வாசலிலேயே இறங்குவேன்.

அதைத்தான் முதலில் எடுத்தேன், அக்டோபரில்.
உடைந்திருந்தது ஒரு பிளாஸ்டிக் கிளிப்.
சுண்டுவிரல் நகமளவு.
இதற்காகவா ஏழு குளிர்காலம்
பனிக்குள் கையை நீட்டினேன்?

ஒன்றைத் தொட்டால் ஒன்பது.
கதவு திறந்ததும்
உள்விளக்கு செத்துக் கிடப்பது தெரிந்தது.
விளக்கு எரிந்ததும்
காலடியில் ஓட்டை தெரிந்தது.
ஓட்டை வழியே வட டக்கோட்டா தெரிந்தது:
சரளை, கோதுமைத் தாள், ஒரு செத்த வெட்டுக்கிளி.
பழைய குதிரின் தகட்டை வெட்டி
ரிவெட் அடித்து மூடினேன்.

நவம்பரில் புது ரேடியோ. ஸ்பீக்கர் இரண்டு.
அப்போதுதான் கேட்டது, இத்தனை நாள்
கேட்டும் கேட்காமல் இருந்த அந்த
டிக் டிக் டிக்.
எஞ்சினோடு புகைக்குழாய் சேரும் இடத்தில்
போல்ட் ஒன்று தலையறுந்து
மூச்சு கசிந்துகொண்டிருந்தது.
"ஹாகன் வீட்டு நாய்க்குக்கூடத் தெரியும்
நீ எப்போது கிளம்புகிறாய் என்று"
என்பாள் டாக்மர்.

மூன்று ராத்திரி துருவுக்கு எண்ணெய் குடிக்கக் கொடுத்தேன்.
மற்றவை முனகிக்கொண்டு வந்தன.
தலையில்லாதது மட்டும்
கை போகும், கண் போகாத மூலையில்
உட்கார்ந்துகொண்டு அசையவில்லை.
டாக்மரின் தம்பி ஆர்னே வெல்டிங் மெஷினோடு வந்தான்.
முறிந்த தண்டின்மேல் ஒரு நட்டை வைத்துப் பற்றவைத்தான்.
சிவந்தது. ஆறவிட்டோம்.
ஸ்பேனர் போட்டதும்
ஆட்டம் கண்ட பால்பல்போல் வந்துவிட்டது.
ஆர்னே ஒன்றும் சொல்லவில்லை,
அந்தக் குடும்பத்தில் யாரும் சொல்வதில்லை.
போல்ட்டைத் துடைத்து
என் சட்டைப்பையில் போட்டுவிட்டுப் போனான்.

மறுநாள் காலை, பூஜ்யத்துக்கு இருபது கீழே.
சாவியைத் திருகினேன். சத்தமில்லை.
மறுபடி திருகினேன்.
ஏற்கனவே ஓடிக்கொண்டிருந்த எஞ்சின்
பல்லை நறநறவென்று கடித்தது.

வைக்கோல் உருளையோடு மேற்கு வேலிக்குப் போனேன்.
அறுபத்துமூன்று கறுப்பு ஆங்கஸ் மாடுகள்.
தினமும் எனக்கு முன்னால் கேட்டில் நிற்பவை.
இன்று மரவரிசைக்கு அப்பால்
காற்றுக்கு முதுகு காட்டி
ஒன்றுகூடத் தலை நிமிரவில்லை.

ஹாரன் அடித்தேன் என்று சொல்ல ஆசைதான்.
ஹாரன் ஊமையாகிப் பதினொரு வருடம்.
அந்த டிக் டிக் இருக்கையில்
ஹாரன் யாருக்கு வேண்டும்?

இறங்கினேன் (உள்ளிருந்தே, கிளிப் வேலை செய்தது).
கூப்பிட்டேன். காற்று
என் குரலை என் வாய்க்குள்ளேயே திருப்பித் திணித்தது.
கடைசியில் மூன்று அடுக்குத் துணிக்குள் துழாவி
அந்தப் போல்ட்டை எடுத்து
பானட்டில் தட்டினேன்.
டிக் டிக் டிக்.
பைத்தியக்காரன் என்று
ஹாகன் பார்த்திருந்தால் சொல்லியிருப்பான்.
தட்டினேன்.

காது அட்டை நாற்பத்தொன்று
மெல்லத் திரும்பியது.
வண்டியைப் பார்த்தது. என்னைப் பார்த்தது.
நம்பவில்லை.
ஆனாலும் நடந்தது.
மற்றவை போல்ட்டை நம்பி அல்ல,
நாற்பத்தொன்றை நம்பிப் பின்னால் வந்தன.

வீட்டுக்குத் திரும்பி
ஹாரன் ரிலே என்ன விலை என்று பார்த்துக்கொண்டிருந்தேன்.
மாவுக் கையோடு வந்த டாக்மர்
என்னைக் கண்டு திடுக்கிட்டாள்.
"எப்போது வந்தாய்?"
அடுப்பில் காபி வைத்திருக்கவில்லை.
பானட்டில் ஒன்பது புதுப் பள்ளங்கள்.
அவற்றை நான் இன்னும் காட்டவில்லை.